பூதக்கண்ணாடி அண்ணியும் வடியாத தண்ணீரும்

ஆயத்த ஆடை ஆலையில் என் அண்ணிக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து முடித்த சட்டை மேசைக்கு வந்ததும் இரண்டு கையாலும் தடவிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தாலும், எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும், பொத்தான் கோணலாக இருந்தாலும் அந்த இடத்தில் சுருளிலிருந்து ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து ஒட்டி ஓரமாக எடுத்து வைக்க வேண்டும். செக்கிங் பிரிவின் வேலை அவ்வளவுதான். பதினோரு வருடம் ஒட்டியதில் அந்த அம்பு அவள் விரல் நுனியிலேயே முளைக்கிறதோ என்று தோன்றும். வீட்டையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஆடுகிற நாற்காலிக் காலில் ஒரு அம்பு, சரியாகச் சாத்தாத ஜன்னல் கொக்கியில் ஒரு அம்பு. மூன்று வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு நான் வந்து இறங்கிய அன்று, என் முதுகுப் பையின் பிய்ந்த ஜிப்பில் ஒன்றை ஒட்டிவிட்டுத்தான், "உள்ள வா, ஊர்சுத்தி" என்றாள்.

அந்த ஆலையில் செக்கிங் பிரிவுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் கண் தூங்கிவிடும் என்பது சூப்பர்வைசரின் கொள்கை. பதினோரு வருடம் நின்று அண்ணியின் கெண்டைக்கால் நரம்புகள் நீலமாகப் புடைத்துவிட்டன. மாலையில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றமாட்டாள். கழற்றினால் மறுபடி நுழையாது. வலிக்கு வைத்தியம் பார்க்கப் போன பிசியோதெரபி நிலையத்தில்தான் அவளுக்கு யோசனை வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அழுக்கு விரிப்புகளும் துண்டுகளும் குவிந்து கிடந்தன. வெளியே சலவைக்குப் போட்டால் பாதி கறையோடு திரும்பி வருகிறது என்று நிலையத்தை நடத்தும் மேடம் புலம்பியிருக்கிறார். அண்ணி படுத்த வாக்கிலேயே ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "ஒரு மாசம் எங்கிட்ட குடுத்துப் பாருங்க மேடம்" என்றிருக்கிறாள்.

வீட்டில் ஒரு பழைய வாஷிங் மெஷின் இருந்தது. முன்பக்கம் வட்டக் கதவு வைத்தது, யாரோ வீடு காலி செய்தபோது அண்ணன் வாங்கிப் போட்டது. அதை நம்பி அண்ணி ஆலை வேலையை விட்டு நின்றுவிட்டாள். சூப்பர்வைசர் அவளை லேசில் விடவில்லை. "உன் கண்ணு மாதிரி கண்ணு கிடைக்காது. ஒரு மாசம் உன் இடத்தை வச்சிருக்கேன். மாசம் முடியுற திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வர்றியா இல்லையான்னு சொல்லிடு" என்று கெடு வைத்திருந்தார். மேடமும் அதே திங்கட்கிழமைதான் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். கடைசித் தவணையாகப் பதினாறு விரிப்பு, நாற்பது துண்டு. மாலை ஆறு மணிக்குள் வந்து சேர வேண்டும். திருப்தியாக இருந்தால் நிலையத்தின் மூன்று கிளைகளின் சலவையும் அண்ணிக்கே.

மெஷினுக்கு எதிரில் அண்ணி ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருந்தாள். "மெஷின் நிக்காம ஓடும், நான் உக்காந்திருப்பேன். எவ்வளவு நல்ல உத்தியோகம் பாரு" என்பாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மெஷின் நின்றது.

விரிப்புகளும் இருபது துண்டுகளும் ஞாயிற்றுக்கிழமையே தயார். மீதி இருபதும் மெஷினுக்குள் இருந்தன. அவை மெழுகுத் துண்டுகள். மூட்டு வலிக்காரர்களின் கையை உருகிய மெழுகில் முக்கி எடுத்துத் துண்டால் சுற்றுவார்களாம்; ஒவ்வொரு துண்டிலும் மெழுகு அப்பிக் கிடக்கும். வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாதி உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர், அதில் துண்டுகள் மிதந்தன. கதவு திறக்கவில்லை. திரையில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் விட்டு விட்டு மின்னின.

"தண்ணி வடியல" என்றாள் அண்ணி. "ஒரு வாரமாவே இழுத்து இழுத்துத்தான் போச்சு. ம்ம்ம்னு முனகிக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்கு முனகல்கூட இல்ல."

அண்ணனுக்குப் போன் போட்டோம். சரக்கு லாரி ஓட்டுகிறவர். அன்று இரண்டு நாள் பயண தூரத்தில் எங்கோ இருந்தார்.

"ரெண்டு பேரும் அதைத் தொடாதீங்க" என்றார். "ஒருத்தி எதையும் விடமாட்டா, இன்னொருத்தி எதையும் முடிக்கமாட்டா. மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். "இன்னிக்கு ஏழு வீடு இருக்குக்கா. நாளைக்கு மத்தியானம் கண்டிப்பா வர்றேன்" என்றார். நாளை மத்தியானம் அண்ணி மறுபடி அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள்.

நான் சமையலறைக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஊர் திரும்பி ஏழு வாரம் ஆகிவிட்டது, இன்னும் எனக்கு ஒரே இடத்தில் பத்து நிமிடம் இருப்புக்கொள்ளவில்லை. கால் தானாகப் போகிறது.

"நீ நடந்தா மெஷின் ஓடுமா? உக்காரு, இல்லன்னா ஏதாவது செய்" என்றாள் அண்ணி.

"கையால துவைச்சுடலாமா அண்ணி?"

"துவைக்கலாம். பிழிஞ்சு காயப்போட்டா நாளைக்குத்தான் காயும். வெளிய வானத்தைப் பாத்தியா?"

வானம் மூட்டமாக இருந்தது. ஆனால் காற்று பலமாக வீசியது; கொடிக் கயிறு சுவரில் டப் டப் என்று அடித்தது. அந்தச் சத்தம் வேறு.

ஒரு துறைமுக நகரத்தில் பயணிகள் விடுதி ஒன்றின் சலவை அறையில் எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே வாரத்துக்கு ஒரு மெஷினாவது படுத்துக்கொள்ளும். அந்த அனுபவத்தில்தான் இந்த மாதத் தொடக்கத்தில் அண்ணிக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தேன். மெழுகு போகவில்லை என்று அவள் துண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, "வெப்பத்தைத் தொண்ணூறுல வைங்க அண்ணி. எந்த மெழுகும் உருகி ஓடிடும்" என்றேன். உருகி ஓடியது. துண்டுகள் புதிதுபோல வந்தன. அன்று முதல் மெழுகுத் துண்டென்றால் தொண்ணூறுதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினின் அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்தேன். அதற்குள் ஒரு திருகுமூடி, அதுதான் வடிகட்டி. கொஞ்சம் திருகியதும் தண்ணீர் பீறிட்டது. ஒரு தட்டை அடியில் பிடித்து, நிறைந்ததும் அண்ணி எடுத்துப்போய்க் கொட்ட, நான் மூடியைத் திருகி நிறுத்தி, மறுபடி திறந்து... இருபத்தேழு தட்டு. அண்ணிதான் எண்ணினாள். அவள் எதையும் எண்ணாமல் செய்யமாட்டாள்.

வடிகட்டியை வெளியே இழுத்தேன். ஒரு ஹேர்பின், சட்டைப் பொத்தான் ஒன்று, நூல் பிசிறு, அப்புறம் கோலிக்குண்டு அளவில் ஒரு வெள்ளைக் கட்டி.

"இதோ! ஹேர்பின்!" என்றேன். "இதுதான் அடைச்சிருக்கு."

"இந்த வெள்ளை என்ன?"

"சோப்புத்தூள் அண்ணி. கரையாம கட்டி தட்டியிருக்கு." எடுத்துக் குப்பைக்கூடையில் எறிந்தேன்.

வடிகட்டியை மாட்டி, பிளக்கைச் செருகி, வடிக்கும் பட்டனை அழுத்தினோம். சத்தமே இல்லை. மணி ஒன்பதரை.

அண்ணனின் கருவிப் பெட்டியில் ஒயர் சோதிக்கும் மீட்டர் இருந்தது. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, மெஷினை இரண்டு பேருமாக இழுத்து, பழைய மெத்தைமேல் பக்கவாட்டில் சாய்த்தோம். அடிப்பகுதியில் கைப்பிடி அளவில் ஒரு பம்ப் தெரிந்தது. மெஷினில் உள்ள தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப். மூன்று திருகாணி, இரண்டு ஒயர், இரண்டு குழாய். நான் கடகடவென்று ஒயர்களைப் பிடுங்கப் போனேன்.

"நில்லு" என்றாள் அண்ணி. ரவிக்கைக்குள்ளிருந்து அந்தச் சிவப்பு அம்புச் சுருளை எடுத்தாள். ஒவ்வொரு ஒயரிலும் அது போய்ச் சேர வேண்டிய பக்கத்தைக் காட்டி ஒரு அம்பு. ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி ஒரு காகிதத்தில் வைத்து அதற்கும் ஒரு அம்பு.

"இது குறைக்குத்தானே ஒட்டுவீங்க?"

"கழட்டின எல்லாமே குறைதான், திரும்ப மாட்டுற வரைக்கும்."

அவள் ஒட்டி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் நான் கழற்றியிருந்தால் ஒரு திருகாணி கட்டாயம் மெத்தைக்கடியில் காணாமல் போயிருக்கும்.

மீட்டரின் முனைகளைப் பம்பின் இரண்டு முனைகளில் வைத்தேன். உள்ளே சுற்றிய கம்பி நன்றாக இருந்தால் நூற்றைம்பது, இருநூறு என்று ஏதாவது காட்டும். திரையின் இடது ஓரத்தில் ஒற்றை ஒன்று மட்டும் நின்றது.

"அப்படின்னா?"

"உள்ள கம்பி எரிஞ்சு அறுந்துடுச்சு. பம்ப் செத்துப்போச்சு அண்ணி. வேற வாங்கி மாட்டணும்."

அண்ணி பம்பை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தாள். "கருகின வாசனை வருது. போ. போயிட்டு சீக்கிரம் வா. வழியில எங்கயாவது விமானம் ஏறிடாத."

பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நடந்தேன். பாதி வழியில் அந்தப் பேருந்து என்னைத் தாண்டிப் போனது. உதிரிபாகங்கள் விற்கும் முதல் கடையில், "இந்தக் கம்பெனி சாமான் நாங்க வைக்கிறதில்ல" என்றார்கள். இரண்டாவது கடை ஒரு ஆள் நுழையும் அகலம்தான். தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் விசிறியை விரலால் சுற்றினார்.

"இருக்கு. ஆனா பம்ப் சும்மா சாகாதும்மா. எதையோ தள்ளித் தள்ளிப் பாத்து முடியாமத்தான் செத்திருக்கு. அடைப்பு எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. ஹேர்பின் இருந்துச்சு."

"ஹேர்பின்னுக்கெல்லாம் இது சாகாதே..."

அவர் வாக்கியத்தை முடிக்கும்போது நான் வாசலில் இருந்தேன். திரும்பி வருகையில் பேருந்து கிடைத்தது. அது எல்லா நிறுத்தத்திலும் நின்றது. யாரும் ஏறாத நிறுத்தத்திலும் நின்றது.

பன்னிரண்டரைக்கு வீடு வந்தேன். அண்ணி சும்மா இருக்கவில்லை. மெஷின் வயிற்றிலிருந்த துண்டுகளைப் பக்கெட்டில் அள்ளி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைத் துண்டுகளை இரண்டாம் முறையாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டேதான். முக்காலி அப்படியே இருந்தது.

அம்புகளைப் பார்த்துப் பார்த்து மாட்டியதில் பத்து நிமிடத்தில் புதுப் பம்ப் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக மாட்டியதும் அண்ணி அந்த அம்பை உரித்துத் தன் முழங்கையில் ஒட்டிக்கொண்டாள். மெஷினை நிமிர்த்தினோம். ஒரு பக்கெட் தண்ணீரை உள்ளே ஊற்றி, வடிக்கும் பட்டனை அழுத்தினேன்.

"ம்ம்ம்ம்" என்றது பம்ப்.

"உயிர் வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

அண்ணி கத்தவில்லை. கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு விரல்கூடக் குறையவில்லை. பம்பின் முனகல் கனத்தது. அவள் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"இதையும் கொல்ல வேண்டாம்."

மணி ஒன்றாகப் போகிறது. "போர்டு போயிருக்கும் அண்ணி. இல்லன்னா மொத்த மெஷினுமே... விடுங்க. துண்டையெல்லாம் ஒரு மூட்டையா கட்டுங்க. நான் எடுத்துட்டுப் போய் ஏதாவது சலவைக் கடையில போட்டு, நின்னு வாங்கிட்டு வந்துடறேன்."

"சலவைக் கடையில போடுறதுக்கு மேடமுக்கு நான் எதுக்கு? அவங்களுக்கே வழி தெரியாதா?"

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். ரொட்டி உறை, பழைய நூல், அந்த வெள்ளைக் கட்டி. அதை மட்டும் எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. கலக்கினாள். கரையவில்லை. வெளியே எடுத்து நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்த இடம் பிறைபோல வழவழப்பாக நின்றது.

"சோப்பு இப்படி இருக்காது" என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏய் ஊர்சுத்தி. தொண்ணூறுல வச்சா மெழுகு உருகி ஓடிடும்னு சொன்னியே. ஓடி எங்க போகும்?"

விடுதியில் விரிப்பில் ஒயின் சிந்தியிருக்கும், காபி சிந்தியிருக்கும். மெழுகு சிந்தியதில்லை. உருகிய மெழுகு தண்ணீருக்கு மேலே மிதக்கும். தண்ணீர் எல்லாம் போன பிறகு கடைசியாகத்தான் வெளியேறும். அதைத் தள்ளுவதற்குப் பின்னால் தண்ணீர் இருக்காது. மெஷினிலிருந்து கிளம்பும் வடிகுழாய், சுவரில் போட்ட ஓட்டை வழியாக வெளியே வளைந்து சாக்கடைக்கு இறங்குகிறது. வெளியே குளிர்ந்த காற்று. ஒரு மாதமாக, ஒவ்வொரு துவைப்பிலும் ஒரு மெல்லிய படலம் அங்கே தங்கி உறைந்திருக்கிறது.

"என்னாலதான் அண்ணி" என்றேன்.

"நீ பாதி. துண்டை வெளிய எடுத்தேன், வெளிச்சத்துல பாத்தேன், வெள்ளையா இருந்துச்சு, அடுக்கி வச்சுட்டேன். போன கறை எங்க போச்சுன்னு பாக்கல. பதினோரு வருஷம் குறை கண்டுபிடிச்ச பொம்பளை." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி, அழுவுறதுக்கு ஆறு மணிக்கு மேல நேரம் ஒதுக்குவோம். குழாயைக் கழட்டு."

வெளிப்பக்கம் போய்ச் சுவர் ஓட்டையிலிருந்து குழாயை உருவினேன். அண்ணி மெஷின் பக்கம் கழற்றினாள். இரண்டு மீட்டர் நீளமுள்ள மடிப்பு மடிப்பான சாம்பல் நிறக் குழாய். வளைவு இருந்த இடத்தில் மட்டும் கட்டைபோல விறைத்திருந்தது. வெந்நீர் ஊற்றினேன். மேலேயே நின்று வழிந்தது. ஒரு கம்பியை விட்டுக் குத்தினேன். கம்பி நுனியில் வெள்ளைத் துருவல் ஒட்டி வந்ததோடு சரி. இன்னும் வேகமாகக் குத்தப் போனபோது அண்ணி கம்பியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஓட்டை போட்டுடாத. குழாயைத் தரையில நீட்டிப் போடு."

போட்டேன். அண்ணி செருப்பைக் கழற்றினாள். அந்த வீங்கிய, நீல நரம்போடிய காலைக் குழாயின் விறைத்த இடத்தில் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு முழு எடையோடு ஏறி நின்றாள்.

"பதினோரு வருஷம் சும்மா நின்ன காலு" என்றாள். "இன்னிக்காவது பிரயோஜனமா நிக்கட்டும்."

உள்ளே நறுக்கென்று ஏதோ உடைந்தது. இன்னொரு அடி வைத்தாள். மறுபடி நறுக். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவள் குழாயின்மேல் முன்னும் பின்னும் நடந்தாள், நான் பக்கத்திலேயே நடந்தேன். பிறகு குழாயைத் தூக்கிப் பிடித்து, கொதிக்கக் கொதிக்கக் கெட்டில் தண்ணீரை ஊற்றினோம். முதலில் சொட்டு. அப்புறம் ஒரு துண்டு மெழுகு பொத்தென்று பக்கெட்டில் விழுந்தது. பின்னாலேயே இன்னும் நாலைந்து. கடைசியில் வந்தது விரல் தடிமனில், குழாயின் மடிப்புகளெல்லாம் அச்சு அசலாகப் பதிந்து, வளைவோடு கொக்கி மாதிரி இருந்தது. மூன்றாவது கெட்டிலுக்குத் தண்ணீர் தடையில்லாமல் கொட்டியது.

அண்ணி அந்தக் கொக்கி மெழுகைக் கழுவித் துடைத்து ஒரு பையில் போட்டுக்கொண்டாள்.

குழாயை மாட்டிப் பட்டனை அழுத்தினோம். பம்ப் ஒரு நொடி முனகியது, பிறகு சத்தம் லேசாகி, வெளியே சாக்கடையில் தண்ணீர் சலசலவென்று விழுவது கேட்டது. நான் வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பவும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மணி இரண்டேகால்.

காலையிலிருந்து ஆறிப்போன தண்ணீரில் கிடந்ததில் மிதந்த மெழுகு திரும்பவும் துண்டுகளில் ஒட்டியிருந்தது. அண்ணி இருபதையும் ஒவ்வொன்றாக விரித்து, முழங்கையிலிருந்த அம்புகளைப் பயன்படுத்தினாள். பதினேழில் லேசான செதில்தான். அளவுகோல் விளிம்பால் சுரண்டி எடுத்து, அறுபதில் குறுகிய துவைப்புக்குப் போட்டாள். மூன்றில் அப்பிக் கிடந்தது. அவற்றைக் கையால் துவைத்துப் பிழிந்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். தாள் மெழுகைக் குடித்தது. தாளை மாற்றி மாற்றித் தேய்த்தும் மூன்றிலும் உள்ளங்கை அளவில் ஒரு மங்கல் தங்கிவிட்டது.

மூன்றரையிலிருந்து ஐந்தேகால் வரை மொட்டை மாடியில் காற்றோடு போராட்டம். கொடியில் துண்டுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. கவ்விகள் பறந்தன. பாதி காய்ந்ததைக் கீழே எடுத்து ஓடுவேன், அண்ணி தேய்ப்பாள், நான் மறுபடி மேலே ஓடுவேன். அந்த மூன்று வருடத்தில் ஏறிய மலைகளை எல்லாம் சேர்த்தாலும் அத்தனை படி இருக்காது.

ஐந்தே முக்காலுக்கு இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு நிலையத்தின் வாசலில் நின்றோம். மேலே இருந்த மூன்று துண்டுகளில் சிவப்பு அம்புகள் தெரிந்தன.

"அண்ணி, அம்பை எடுத்துடலாம். துண்டை நடுவுல செருகிடலாம். நாப்பதுல மூணு யாரு கண்ணுக்குத் தெரியப் போகுது?"

"என்னை மாதிரி ஒருத்தி அங்க இருந்தா தெரியும்."

"இல்லன்னா?"

"இருப்பான்னுதான் நினைச்சு அனுப்பணும்." நான் துண்டின் பக்கம் நீட்டிய கையில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது. "நட."

மேடம் உயரமான ஆள். கையில் எப்போதும் ஒரு மருந்தெண்ணெய் வாசனை. விரிப்புகளை விரல் நுனியால் புரட்டிப் பார்த்தார். துண்டுகளிடம் வந்ததும் நின்றார்.

"இது என்ன அம்பு?"

"குறை மேடம். மூணுல மெழுகு மங்கல் போகல. நானே ஒட்டினேன்."

"முன்னாடி எல்லாம் போச்சே?"

அண்ணி பையிலிருந்து அந்தக் கொக்கி மெழுகை எடுத்து மேசைமேல் வைத்தாள். "போனது இங்க இருந்துச்சு. என் குழாய்க்குள்ள. மெஷின் காலையில நின்னு, பம்ப் மாத்தி, மத்தியானம்தான் திரும்ப ஓடிச்சு."

எனக்குத் தலையில் கை வைத்துக்கொள்ளத் தோன்றியது. மெஷின் நின்றதை எதற்குச் சொல்ல வேண்டும்?

மேடம் மெழுகை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் மடிப்புகளை விரலால் எண்ணுவதுபோல வருடினார்.

"இனிமே மெழுகுத் துண்டைத் தனிப் பையில போடுங்க மேடம்" என்றாள் அண்ணி. "மெழுகு ஆறினதும் இங்கயே உதறி, சுரண்டிட்டுக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். என் மெஷின் துண்டு துவைக்கும், மெழுகு குடிக்காது."

"நீங்க எனக்கு வேலை சொல்றீங்களா?"

"ஆமா மேடம்."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வாசலைப் பார்த்தேன். எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். அண்ணி எங்கும் பார்க்கவில்லை; மேடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஆலையில் சட்டையைப் பார்ப்பது போல.

"மூணு கிளையும் இப்ப குடுக்க முடியாது" என்றார் மேடம் கடைசியில். "ஒரே ஒரு மெஷின், அதுவும் இன்னிக்கு நின்ன மெஷின். இந்தக் கிளை மட்டும் நீங்க செய்ங்க. மெழுகுத் துண்டைச் சுரண்டிக் குடுக்கச் சொல்றேன். மத்ததை அப்புறம் பார்ப்போம்." பிறகு அம்பு ஒட்டிய துண்டுகளைத் தொட்டு, "இந்தச் சுருள்ல எனக்குக் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க. இங்க ஒட்ட வேண்டிய இடம் நிறைய இருக்கு" என்றார்.

வெளியே வந்ததும் நான், "மூணு கிளைன்னு சொன்னாங்களே" என்றேன். ஏமாற்றம் எனக்குத்தான்.

"ஒரு மெஷினுக்கு ஒரு கிளை சரியாத்தான் இருக்கும்" என்றாள் அண்ணி. "மூணுன்னா நான் எப்ப உக்கார்றது?"

வீட்டுக்கு வந்தபோது ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பின்னறைத் தரை இன்னும் ஈரம். அண்ணி முதலில் மெஷினிடம் போய், வெப்பத் திருகியில் தொண்ணூறுக்கு நேராக ஒரு அம்பு ஒட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று அவள் முதல் முறையாக உட்கார்ந்தது அப்போதுதான். காலை நீட்டிக்கொண்டு சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"நான்தான் சார், பூதக்கண்ணாடி... ஆமா... இல்ல சார், வரல. என் இடத்துல வேற யாரையாவது போட்டுக்குங்க."

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. அண்ணி கேட்டுக்கொண்டே கெண்டைக்காலை ஒரு கையால் தடவினாள். நான் வாசலுக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். நின்றுவிடச் சொல்லி அவள் கண்ணாலேயே அதட்டினாள்.

"அதெல்லாம் சரி சார்" என்றாள் போனில். "வர்ற பொண்ணுக்கு ஒரு நாற்காலி போட்டுக் குடுங்க. உக்காந்தா கண்ணு தூங்காது. நான் இப்ப உக்காந்துதான் பேசிக்கிட்டிருக்கேன்."